பதினோராவது மாடிக்கு யாருக்காகப் போனேன்

கண்ணு,

உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் ஓடும். பேச்சில் குறையில்லை, படிக்கச் சொன்னால்தான் எழுத்துக் கூட்டுவாய். அது உன் தப்பில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் உன்னை உட்காரவைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து மாம்பழம் வெட்டப் போனவள் நான். அதனால் இதை ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டாம். மியூனிக்கில் ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிவிடுகிறார்கள், பொழுதே போகவில்லை என்றாயே, அப்படி ஒரு ஞாயிறு பார்த்துப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். முயன்றும் பார்த்தேன். நீ "டேனியல் காகா எப்படி இருக்காரும்மா?" என்று கேட்கிறாய். நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட் முன்னால் நின்று நான் உன்னைக் கைகாட்டினேன், நீ மறுக்காமல் ஏற்றுக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ ஊருக்குக் கிளம்பும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நீ சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். பெட்டி கட்டும்போது பருப்புப்பொடியை எங்கே வைக்கட்டும் என்றுதான் கேட்டாய். அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. இதில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியும் இருக்கிறது, அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

எனக்குப் பாய்சாப், உனக்குக் காகா, அந்த டேனியல் நம் வாகட் காம்ப்ளெக்ஸுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஆயுள் முழுக்கப் புனே ஊருக்குள் கேம்ப் ஏரியாவில் இருந்தவர், மகன் இங்கே ஃப்ளாட் வாங்கினதும் மகனோடு வந்து சேர்ந்தார். யூதர்கள் என்றதும் நான் யாரோ வெள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். பார்த்தால் நம் தாபோடி குவார்ட்டர்ஸில் அப்பாவோடு வேலை பார்த்த மராத்திக்காரர்கள் மாதிரியே ஒருவர், சாமான் வண்டிக்காரனிடம் மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார். கேம்ப்பில் இருந்தவரை ஜெப ஆலயத்தில் மற்றவர்களுக்காக முன்னால் நின்று ஜெபம் நடத்தியவர் அவர்தான். வாகட் வந்தபிறகு அது நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஷபாத், ஓய்வு நாள். வண்டி ஏறக் கூடாது, சுவிட்ச் தொடக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. வீட்டு வாசலைத் தாண்டினால் கையில் ஒரு கைக்குட்டைகூட எடுத்துப்போக மாட்டார். இங்கிருந்து கேம்ப்புக்கு நடந்தா போக முடியும்?

ஆனால் அவருக்கென்று இங்கேயும் ஒரு வேலை காத்திருந்தது. நம் டவரில் பதினோராவது மாடியில் எலியாஸ் என்று ஒருவர், அவரும் யூதர்தான். கேம்ப் ஜெப ஆலயத்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாம். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார், பேச்சும் போய்விட்டது. அவர்கள் வீட்டில் வெள்ளி இரவு சாப்பாட்டுக்கு முன்னால் திராட்சைச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையில் ஏந்தி ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். கிடுஷ் என்பார்கள். அதைச் சொல்லாமல், சொல்ல முடியாவிட்டால் ஒருவர் சொல்லக் கேட்காமல், எலியாஸ் ஒரு வாய் சாப்பிட மாட்டார். ஊட்டினாலும் வாயை இறுக்க மூடிக்கொள்வார். அவர் மனைவி சாராவை நான் சாராக்கா என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியுமே. எனக்கு அந்த ஜெபமெல்லாம் வராது என்று சாராக்கா சொல்லிவிட்டார். அதனால் டேனியல் பாய்சாப் வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டில் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் நம் டவருக்கு நடந்து வந்து, மேலே போய், எலியாஸுக்காகச் சொல்லிவிட்டு வருவார். தான் மட்டும் ஒரு சொட்டு குடிக்க மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "என் சாப்பாடு என் வீட்டில், பாபி. இது அவனுடைய கிடுஷ். என் வாய் மட்டும்தான் அவனுக்கு இரவல்" என்றார்.

என் இந்தி தாபோடி சந்தையில் கற்ற இந்தி, அவர் இந்தியில் பாதி மராத்தி. நாங்கள் பேசியதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை அவரை லிஃப்ட் முன்னால் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மனுஷர் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு, பட்டனைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பட்டனை அழுத்தினேன். உள்ளே போய், "எந்த மாடிங்க?" என்று கேட்டேன். "அதை நீங்கள் கேட்கக் கூடாது, நான் சொல்லவும் கூடாது" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அவர் அழுத்தக் கூடாது. மற்றவரை அழுத்தச் சொல்லவும் கூடாது. மற்றவர் அவருக்காக என்று நினைத்து அழுத்தினால் அதில் அவர் ஏறக் கூடாது. நான் என் வேலைக்காக, என் மாடிக்குப் போகிறேன் என்றால் கூட ஏறிக்கொள்ளலாம். அவருடைய குரு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். "அதுவும் கூடாது என்கிறவர்களும் எங்களில் உண்டு. நான் இந்த அளவுக்குச் சலுகை எடுத்துக்கொள்கிறேன், மூச்சு வாங்குகிறது" என்றார். அன்றைக்கு நம் மூன்றாம் மாடியில் என்னோடு இறங்கி, மிச்ச எட்டு மாடியையும் படியேறிப் போனார். படிக்கட்டில் அவர் மூச்சு இரைப்பது நம் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது.

அடுத்த வாரம் அது நிஜமாகவே நடந்தது. மொட்டை மாடியில் அரிசி வடகம் காயப்போட்டிருந்தேன், பொழுது சாய எடுத்துவரக் கிளம்பினேன். லிஃப்ட் பதினொன்று வரைதான், அதற்குமேல் படி. அவர் கீழே நின்றிருந்தார். "பாபி, உங்கள் வேலைக்காகத்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க, வடகம் எடுக்க" என்றேன். அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பதினோராம் மாடியில் இறங்கி, "கடவுள் உங்கள் வடகத்தை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எலியாஸ் வீட்டுப் பக்கம் வேகமாகப் போனார். எனக்கும் வயிறு நிறைந்தமாதிரி இருந்தது. அந்த ஒரு வாரம்தான், கண்ணு, வடகம் இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வெறும் தட்டுதான். தட்டின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கீழே வந்து நிற்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார், உங்கள் வேலைக்காகத்தானே என்று. ஒரு வாரம்கூட அவர் கேட்காமல் ஏறியதில்லை. ஒரு வாரம்கூட நான் கண் சிமிட்டியதும் இல்லை. "எனக்காகத்தானுங்க." அவர் எலியாஸ் வீட்டுக்குள் போகும்வரை மொட்டை மாடிப் படியில் ஏறுவதுபோல் நான்கு படி ஏறி நின்றுவிட்டு, அதே லிஃப்டில் இறங்கிவிடுவேன்.

பாவம் மனுஷர் மூச்சு வாங்குகிறாரே என்ற இரக்கத்தில்தான் செய்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் கூசுகிறது. எனக்குப் பெருமை, கண்ணு. கிளப் ஹவுஸில் நம் தமிழ்ப் பெண்கள் உட்காருவோமே, அங்கே இதை நடித்துக் காட்டுவேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்று, "பாபி, உங்கள் வேலைக்காகத்தானே?" என்று அவர் குரலிலேயே கேட்டு, எல்லோரையும் சிரிக்கவைப்பேன். "அவங்க சாமி கண்ணுலயே மண்ணத் தூவிட்டேன் பாத்துக்குங்க" என்று சொன்னவள் நான்தான். அவர் தன் சாமிக்குப் பயந்து ஒவ்வொரு வாரமும் கேட்ட கேள்வியை நான் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். குழந்தையிடம் தோற்பதுபோல் நடிக்கிறோமே, அந்த மாதிரி. பெரிய மனுஷரைக் குழந்தையாக்கியது தப்பு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

உனக்குத் தோன்றியது. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "அம்மா, அவர்கிட்டப் பொய் சொல்லாதம்மா. அவரு ஒன்ன நம்பித்தான் ஏர்றாரு." நான், "அட போ கண்ணு, நல்லதுக்குச் சொல்ற பொய்யில என்ன இருக்குது" என்றேன். அப்போதுதான் நீ அந்த பேக்கரிக்காரனை இழுத்தாய். புரட்டாசி சனிக்கிழமையில் முட்டை இல்லாத கேக் என்று சொல்லி ஒருவன் கொடுத்தானே, தின்று முடித்த பிறகு அதில் முட்டை உண்டு என்று தெரிந்து நான் அவன் கடைக்கே போய் ரோடு கூடும்படி கத்தினேனே. "அவனும் இந்தம்மா சந்தோஷமாச் சாப்புட்டுப் போகட்டும்னுதானே சொல்லியிருப்பான்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால் கோபம் வந்தது. "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி, பொட்டாட்ட சாப்புடு" என்று தட்டை டங்கென்று வைத்தேன்.

நீ சின்னதிலிருந்தே அப்படித்தான். தாபோடியில் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, கோயமுத்தூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, உனக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொன்னேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, டீச்சருக்கு நன்றாகக் கேட்கும்படி, "காய்ச்சல் இல்ல, கல்யாணம்" என்றாய். டீச்சர் சிரித்துவிட்டார். நான் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் உன் தொடையில் கிள்ளினேன். நீ ஏன் அழுகிறாய் என்று வழியில் பூக்காரம்மா கேட்டதற்கு, "அம்மா கிள்ளலை" என்றாய். எனக்காக நீ சொன்ன முதல் பொய் அது. அன்றைக்கு அதைப் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன், பிள்ளை அம்மாவை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்க என்று. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கினவன், பிறகு அம்மாவுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டான். இதில் பெருமைப்பட என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்தே விடாமல் மழை. ஹிஞ்சேவாடி ரோட்டில் தண்ணீர் தேங்கி நீ ஆஃபீஸிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டாய். நான் என் தட்டோடும் துண்டோடும் கீழே வந்தேன். மழை பெய்கிறதே, வடகம் எங்கே காயும் என்ற யோசனைகூட எனக்கு இல்லை. அந்த அளவுக்குப் பொய் பழகிப்போயிருந்தது. பாய்சாப் நனைந்த செருப்போடு நின்றிருந்தார், குடை பிடிப்பதும் அவருக்கு ஆகாது அன்றைக்கு. "உங்கள் வேலைக்காகத்தானே, பாபி?" என்றார். "எனக்காகத்தானுங்க, வடகம்" என்று வாய் தானாகச் சொன்னது. லாபியைத் துடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் நிமிர்ந்தான். "மௌசி, டெரஸ் பூட்டி ஒரு மாசம் ஆச்சே. ஒழுகுதுன்னு வேலை நடக்குது. சாவி ஆஃபீஸ்லதானே இருக்கு" என்றான். லிஃப்ட் கதவு திறந்தது. நீ அப்போதுதான் நனைந்த பையோடு உள்ளே வந்தாய்.

பாய்சாப் என் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாபி, இத்தனை வாரமும்?" என்று மட்டும் கேட்டார். கோபமில்லை அந்தக் குரலில். அவர் கோபப்பட்டிருந்தால் நான் நிஜத்தைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் உன்னைக் கைகாட்டினேன். "இவன்தானுங்க சொன்னான். பாவம் காகாவுக்கு மூச்சு வாங்குது, நீங்க மேல போறமாதிரிப் போங்கம்மான்னு இவன்தான் சொன்னான்." நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சாரி காகா" என்றாய். பாய்சாப் உன் தோளில் கை வைத்து, "உன் மனசு நல்ல மனசு, பேட்டா. ஆனால் நீ செய்யவைத்தது நல்லதில்லை" என்றார். லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிக்கட்டுக்கு நடந்தார்.

ஏழாம் மாடியில் அவர் உட்கார்ந்துவிட்டதும், நீ பின்னாலேயே ஏறிப் போய் அவரைத் தோளில் சாய்த்துப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்ததும் உனக்குத் தெரியும். எலியாஸ் காத்திருப்பான், எலியாஸ் சாப்பிட மாட்டான் என்று வழியெல்லாம் புலம்பினார் என்று சொன்னாய். அவர் வரமாட்டார் என்று சாராக்காவிடம் சொல்ல நான்தான் மேலே போனேன். நிஜமாகவே ஒரு வேலைக்காக நான் பதினோராம் மாடிக்குப் போனது அன்றைக்குத்தான்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. எலியாஸைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே எண்ணெய் விட்டுத் திரி எரிந்துகொண்டிருந்தது. உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு, பக்கத்தில் துணி மூடிய சப்பாத்தி. நான் உள்ளே வந்ததும் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எலியாஸின் கண் தேடியது. யாரும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன், என் பங்கை மட்டும் விட்டுவிட்டு. சாராக்கா எலியாஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, புத்தகம் எதுவும் பார்க்காமல், தடங்கல் இல்லாமல் முழு ஜெபத்தையும் சொன்னார். ராகம்கூடப் பிசகவில்லை. எலியாஸின் வாய் அதோடு சேர்ந்து அசைந்தது. ஒரு ஸ்பூன் அவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் குடித்தார். எலியாஸ் வாயைத் திறந்து சாப்பிட்டார்.

நான் ஆவென்று நின்றிருந்தேன். அடுப்படிக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சாராக்கா சொன்னார். "என் அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். பெண் சொன்னாலும் ஆணுக்குச் செல்லும், எங்கள் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. டேனியல் முதல் நாளே கேட்டார், உங்களுக்குத் தெரியுமா என்று. தெரிந்தவர்களுக்காக இன்னொருவர் வந்து சொல்லக் கூடாது, தெரியாதவர்களுக்காகத்தான் வரலாம். தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் இந்த அறைக்குள் யார் வருவார்கள்? வாரம் முழுக்க இவர் ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறார், டேனியலின் செருப்புச் சத்தத்துக்காக." என் கையைப் பிடித்துக்கொண்டு, டேனியலிடம் சொல்லிவிடாதே என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ஒரு பொய்யிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே இன்னொன்றுக்குள் காலை வைத்தேன்.

அந்தத் தலையாட்டலுக்கு விலை கொடுத்தவர் பாய்சாப். டாக்டர் இனி படியேறவே கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தால் அவர் சாப்பாட்டுக்கு முன்னால் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம். எலியாஸ் பட்டினி கிடப்பான், நான் எப்படிச் சாப்பிட என்று தட்டைத் தள்ளிவிடுகிறாராம். அவர் மருமகள் என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு உண்மை தெரியும். எலியாஸ் வெள்ளிக்கிழமைதோறும் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சாராக்காவைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். நீ கிளம்பும் முன்னால் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனோமே, அன்றைக்கும் அவர் உன்னை உட்காரவைத்து, "பேட்டா, நல்லது செய்யப் போகும்போது பொய்யைத் துணைக்குக் கூட்டிப்போகாதே, அதுவும் அம்மாவைச் சொல்லவைக்காதே" என்றார். நீ "சரிங்க காகா" என்றாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் மருமகள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில் நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வாயில் வந்தது, ஸ்வெட்டரை மேலேயே வைத்திருக்கிறேன் என்பதுதான்.

நீ போன பிறகு வீடு காலியானதில் எனக்குள் இருந்தது மட்டும் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது. போன புதன்கிழமை சாராக்கா வீட்டுக்குப் போனேன். "நான் சொல்ல மாட்டேன் அக்கா, வாக்குக் கொடுத்துட்டேன். ஆனா அவரு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாப்புடாம கெடக்கறாரு. நீங்களே வந்து சொல்லிருங்க" என்றேன். சாராக்கா முகம் வெளுத்துப்போயிற்று. எலியாஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் விட்டுவிட்டு, அதே புடவையோடு என்னோடு இறங்கிப் பாய்சாப் வீட்டுக்கு வந்தார்.

சாராக்கா சொன்னதையெல்லாம் பாய்சாப் கேட்டுக்கொண்டார். சாராக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்படியானால் எலியாஸ் ஒரு வாரம்கூடப் பட்டினி இல்லையா?" என்று பாய்சாப் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு சிரித்தார், கண்ணு. வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் என் வாயை இரவல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது என் வாய் இல்லை, என் செருப்புச் சத்தம்தானா?" என்றார். "சரி. கிடுஷ் நீங்கள் சொல்லுங்கள். நான் புதன்கிழமைகளில் வந்து உட்காருகிறேன். புதன்கிழமை என்றால் லிஃப்ட் பட்டனை என் விரலாலேயே அழுத்தலாம்." சாராக்காவும் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லோரையும் மன்னிக்கிற நாள் போலிருக்கிறது, நானும் சொல்லிவிட்டால் இந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். "நானும் ஒண்ணு சொல்லணுங்க. என் பையன் சொல்லலை. அவன் வேண்டாம்னுதான் சொன்னான், நான்தான் கேக்கலை. அன்னிக்கு மாட்டிக்கிட்டதும் அவன் மேல போட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க பாய்சாப்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவனை உட்காரவைத்து நான் புத்தி சொன்னேனே. நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்னிடம் பொய் சொன்னீர்கள். அது எனக்குச் செய்தது, அதை மன்னித்துவிட்டேன். ஆனால் அவனுக்குச் செய்ததை நான் மன்னிக்க முடியாது, பாபி. எங்கள் சட்டம் அப்படி. ஒருவருக்காக இன்னொருவர் கிடுஷ் சொல்லலாம். ஒருவருக்காக இன்னொருவர் மன்னிக்க முடியாது. கடவுளிடம் போய்க் கேட்டாலும், முதலில் அவனிடம் போய்க் கேள் என்றுதான் திருப்பி அனுப்புவார். நான் அவனிடம் கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன். உங்களுடையதை நீங்கள் கேளுங்கள்."

உனக்கு அவர் போன் பண்ணுவார், அல்லது இதற்குள் பண்ணியிருப்பார். அதைக் கேட்டுவிட்டு, பெரியவரே பேசிவிட்டார், அம்மா கேட்க வேண்டியதும் அதற்குள் அடங்கிவிட்டது என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் வீட்டில் அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துவைப்போம், பிள்ளையும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். நீ கிளம்பும் முன்னால் நான் எத்தனை நாள் உனக்கு அரிசிம்பருப்பு சாதம் பண்ணினேன் என்று இப்போது புரிகிறதா? நீ அதையும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாய். ஆனால் அது கேட்டதாகாது. பெற்றவள் என்பதால் தானாக மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நான் தப்பு செய்து மாட்டிக்கொண்ட இடத்தில், வேண்டாம் என்று சொன்ன உன்னையே பலிகொடுத்தேன். நீ அந்தத் தலைக்குனிவை எனக்காக வாங்கிக்கொண்டாய், அது எனக்குத் தெரிந்தே நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னிச்சிரு கண்ணு. அம்மாதானே, பரவாயில்லை என்று உடனே சொல்லிவிடாதே, அந்தப் பதில் எனக்கு வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். உனக்கு நிஜமாக மனசு வந்தால் மன்னி. வராவிட்டால், வரவில்லை என்று சொல்லு.

அம்மா